ஒரு மூட்டை அரிசிக்குப் போன பிள்ளை



"டெலிவிசன் நாடகத்துக்கும் ஒரு கட்டுரையா? அதைப் பார்த்துக்கொண்டிருந்துதானே அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிறது!" என்று உங்களில் சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது. நானும் மூன்று பிள்ளைகளைப் பெற்றவள்தான். மஃரிப் பாங்கு சொன்ன பிறகும் பெட்டியை அணைக்க மனமில்லாத பிள்ளைகளோடு போராடியவள்தான். ஆனாலும், ஒரு நாடகம் எங்கள் வீட்டில் செய்த காரியத்தை இத்தனை வருடங்களாக மனதில் வைத்திருக்கிறேன். அதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு பல்லேகலயில், திகனைக்குப் போகும் பாதையிலிருந்து சற்று உள்ளே இருந்தது. வாப்பா கண்டி டவுனில் ஒரு பிடவைக் கடையில் வேலை செய்தார். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஜப்பான் அரசாங்கம் அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்த நிலையம் அது. ஊரில் ஒவ்வொரு வீடாக அன்டெனா முளைத்தது. எங்கள் கூரையில் மட்டும் காகம்தான் உட்கார்ந்தது. "அந்தப் பெட்டி வந்தால் இந்த வீட்டில் குர்ஆன் ஓதும் சத்தம் குறைந்துபோகும்" என்பார் வாப்பா. அதற்கு எதிராக உம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை உம்மா "அக்கே" என்றுதான் கூப்பிடுவார். பெருநாளைக்கு எங்கள் வீட்டு வட்டிலப்பம் அங்கே போகும். சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கேயிருந்து கெவுமும் கொக்கிஸும் வரும். அவர்கள் வீட்டில் பெட்டி இருந்தது. சில வருடங்கள் கழித்து 'ஓஷின்' வந்தபோது, "நல்ல கதை நங்கி, வந்து பாருங்கள்" என்று அந்த அம்மா அழைத்தார். வாப்பா கடையிலிருந்து வரும் முன்னர் திரும்பிவிடலாம் என்று உம்மா கணக்குப் பார்த்தார். அப்படித்தான் நாங்கள் போகத் தொடங்கினோம்: உம்மா, நான், என் தம்பி, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளை.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது. தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். ஒன்பது வயது இருக்கும். மாதம் ஒருமுறை அவளுடைய தகப்பன் வந்து சம்பளத்தை வாங்கிக்கொண்டு போவார். அவள் குசினியில் பாய் விரித்துப் படுப்பாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பல வீடுகளில் இப்படிப் பிள்ளைகள் நின்றார்கள். அதை யாரும் தவறென்று நினைக்கவில்லை. நாங்கள் அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. அதனால் நாங்கள் நல்லவர்கள் என்றே நினைத்திருந்தோம்.

'ஓஷின்' கதையை மறந்தவர்களுக்கும், பார்த்திராத இளைய சகோதரிகளுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஒளிபரப்பிய நாடகம் அது. மொத்தம் 297 பகுதிகள். ஒவ்வொன்றும் கால் மணித்தியாலம். எழுதியவர் ஒரு பெண், சுகாகோ ஹஷிதா. 2021 இல் 95 வயதில் காலமானார். யமகதா மாநிலத்தின் ஓர் ஏழைக் குத்தகை விவசாயி வீட்டில் 1901 இல் பிறந்த பெண்ணின் முழு வாழ்க்கை அதன் கதை. ஏழு வயதில், ஒரு மூட்டை அரிசிக்காக அவளை ஒரு மர வியாபாரி வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள். குளிரில், மரத் தெப்பத்தில், ஆற்று வழியே அந்தச் சிறுமி போகிறாள். கரையில் பெற்றோர் நிற்கிறார்கள்.

அந்தக் காட்சி சிங்களக் குரலில் ஓடிக்கொண்டிருந்தபோது, கதவோரம் நிலத்தில் இருந்த எங்கள் பிள்ளை என் காதுக்குள் சொன்னாள்: "நானும் இப்படித்தான் வந்தேன். லொறியில." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. அதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது என்று இப்போது யோசிக்கிறேன்.

கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் நூறு ரூபாய் நோட்டு ஒன்று காணாமல் போனது. உம்மா அலுமாரியில், சேலை மடிப்புக்குள் வைத்திருந்தது. அன்று நூறு ரூபாய் சின்னக் காசல்ல. வீடு முழுக்கத் தேடினோம். பிறகு, எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. "நான் எடுக்கலம்மா" என்றாள் அவள். உம்மா அவளுடைய பொதியைக் கொண்டுவரச் சொல்லி, எங்கள் எல்லாருக்கும் முன்னால் அவிழ்த்தார். இரண்டு கவுன், ஒரு சீப்பு, பெருநாளைக்கு நான் போட்டுக் கழித்த ரிப்பன். நோட்டு இல்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. தகப்பனுக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்று, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் அழவில்லை. தம்பிதான் அவள் வேண்டுமென்று இரண்டு நாள் அழுதான்.

நாங்கள் வழக்கம்போல வேலி தாண்டி நாடகத்துக்குப் போனோம். ஒரு நாள் அந்தப் பகுதி வந்தது. மர வியாபாரி வீட்டில் ஐம்பது சென் நாணயம் ஒன்று காணாமல் போகிறது. ஓஷினிடமும் ஒரு ஐம்பது சென் இருக்கிறது. அவள் புறப்படும்போது பாட்டி, தன்னிடம் இருந்த ஒரே காசை அவளுக்குக் கொடுத்திருந்தாள். அவள் சொல்வதை யாரும் நம்பவில்லை. உடுப்பைக் களைந்து தேடுகிறார்கள். அந்தக் காசைத் திருட்டுக் காசென்று பறிக்கிறார்கள்.

நான் உம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "தலை வலிக்குது அக்கே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று இரவு வாப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, "அந்தப் புள்ளட தோட்டம் எதெண்டு தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாப்பா போனார். அந்தக் குடும்பம் லயத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தத் தோட்டம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த நூறு ரூபாய் பிறகும் கிடைக்கவில்லை. "ஒருவேளை அவள் எடுத்திருந்தால்?" என்று நான் பெரியவளான பிறகு உம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "எடுத்திருந்தாலும் சின்னப் புள்ளதானே. அந்தப் பொதியை அத்தனை பேருக்கு முன்னால் நான் அவிழ்த்திருக்கக் கூடாது" என்றார். அதற்குப் பிறகு மௌத்தாகும்வரை எங்கள் வீட்டில் ஒரு சிறு பிள்ளையை அவர் வேலைக்கு வைக்கவில்லை. எங்கள் மூவரையும் வைக்கவிடவும் இல்லை.

சகோதரிகளே, சற்று யோசித்துப் பாருங்கள். அண்டை வீட்டாருக்கு நோவினை செய்யாதே, வேலையாளைச் சக்திக்கு மீறி வருத்தாதே என்றெல்லாம் உம்மா சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர். எங்களுக்குச் சொல்லியும் தந்தவர். அறிவுரையில் குறை இல்லை. ஆனால், அந்த அறிவுரை யாருக்கென்று சொல்லப்பட்டது என்பது மட்டும் அவருக்கு அந்த நேரத்தில் தெரியவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு நாட்டுச் சிறுமியின் முகம், அதை அவருக்குக் காட்டிக்கொடுத்தது. ஒரு கலை இதைச் செய்யுமானால், அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

இதைத் தொலைக்காட்சி நாடகம் மட்டும் எப்படிச் செய்கிறது? சினிமா இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நாடகம் நம் வீட்டுக்குள் வந்து, மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஓஷினாக ஒரு சிறுமியும், இளம்பெண்ணும், மூதாட்டியுமாக மூன்று நடிகைகள் நடித்தார்கள். ஒரு மனுஷியின் எண்பது வருடத்தைப் பொறுமையாகப் பார்க்கும்போது, அவளை "ஏழை" என்றோ "பணக்காரி" என்றோ ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. கதை தொடங்குவதே, 1983 இல் அவளுடைய குடும்பத்தின் பதினேழாவது கடை திறக்கும் நாளில் அந்த மூதாட்டி வீட்டை விட்டுப் போய்விடுவதில்தான். காசு சேர்த்த வழியில் எதை இழந்தோம் என்று தேடித் தான் பட்ட இடங்களுக்கெல்லாம் திரும்பிப் போகிறாள். வசதி பெருகிய ஜப்பானைப் பார்த்து எழுத்தாளர் கேட்ட கேள்வி அது. வெளிநாட்டுக் காசில் மாடி வீடு எழுப்பியிருக்கும் நமக்கும் அந்தக் கேள்வி பொருந்தாதா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாடகத்தில் மருமகளை வதைக்கும் மாமியார் வருகிறாள். நம் மெகா தொடர்களிலும் மாமியார்கள் வருகிறார்கள். கண்ணை உருட்டி, பின்னணியில் இடி முழங்க, முகத்தை மூன்று முறை காட்டுவார்கள். ஓஷினின் கதையில் அந்தக் கொடுமையின் நடுவே ஒரு கட்டம் உண்டு. ஓஷினுக்குப் பிறந்த குழந்தை உயிரில்லாமல் பிறக்கிறது. அதே வேளையில் அந்த வீட்டு மகளுக்கும் குழந்தை பிறக்கிறது, பால் இல்லை. ஓஷின் தன் பாலை அந்தக் குழந்தைக்குக் கொடுக்கிறாள். பால்குடி உறவின் மதிப்பை அறிந்த நமக்கு அந்தக் காட்சி எப்படி இருக்கும்! யார் கெட்டவர், யார் நல்லவர் என்று கை நீட்டிக்கொண்டிருந்த நாம், அந்த இடத்தில் கையை மடக்கிக்கொள்கிறோம்.

ஆகவே தொடர் நீளமாக இருப்பது குற்றமில்லை. 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை ஓடியது. தாயில்லாத ஐந்து பெண்மக்களைக் கட்டிக்கொடுக்கும் ஒரு தகப்பனின் கதை. அதில் இழுவை இருந்தது, உண்மைதான். ஆனால் குமர்ப் பிள்ளைகளை வைத்திருந்த நம் வீட்டு வாப்பாமார், வேலை இருப்பதுபோல நடந்துகொண்டே, கதவோரம் நின்று அதைப் பார்த்தார்களே! எங்கள் வாப்பாவும் பார்த்தார். பெட்டி வேண்டாமென்ற அதே வாப்பாதான். நாடகம் நீண்டதால் கெடுவதில்லை; சொல்ல ஒன்றுமில்லாமல் நீளும்போதுதான் கெடுகிறது.

"அப்படியானால் நாடகத்தில் வருபவர்களைப் பார்த்து நடக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. இந்த மயக்கம் பெரிய நாடுகளிலேயே நடந்திருக்கிறது. ஈரானில் 'ஓஷின்' ஊரே பார்த்த நாடகம். 1989 ஜனவரியில் அங்கே ஒரு வானொலி நிகழ்ச்சியில், ஒரு பெண் தனக்கு முன்மாதிரி பாத்திமா நாயகி (ரலி) அவர்களை விட ஓஷின்தான் என்ற கருத்தில் பேசிவிட்டார். பெரும் கண்டனம் எழுந்து, வானொலிப் பொறுப்பாளர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மன்னிக்கப்பட்டது. நமக்கு வழிகாட்டிகள் வேறு, கதை மாந்தர் வேறு. வழிகாட்டியைப் பின்பற்றுகிறோம். கதையில் வருபவளைப் புரிந்துகொள்கிறோம். உம்மா ஓஷினைப் பின்பற்றவில்லை. ஓஷினைப் பார்த்து, எங்கள் குசினியில் படுத்த பிள்ளையைப் புரிந்துகொண்டார். அவ்வளவுதான்.

கதை என்றாலே நமக்கு ஆகாது என்பவர்களுக்கு நம் கண்டியையே காட்டலாம். கண்டியில் 1838 இல் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை அவர்கள் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882 இல் தொடங்கினார். பெண்பிள்ளைகள் படிக்க வேண்டுமென்று பாடுபட்டார். அவரேதான் 1885 இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் அதுதான். அன்று நாவல் என்பது இன்றைய டெலி நாடகம்போல ஒரு புதிய சரக்கு. சமுதாயத்துக்கு உழைத்த ஒரு பெரியவர் அதைக் கண்டு ஒதுங்கவில்லை, கையில் எடுத்தார்.

அதே கண்டியில் பிறந்து, 2018 ஜனவரியில் மறைந்த தர்மசேன பத்திராஜவையும் நினைக்கிறேன். அவர் பெரிய சினிமா இயக்குநர். யாழ்ப்பாணத்தில் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை 1977 இல் எடுத்த சிங்களவர். அப்படிப்பட்டவர் தொலைக்காட்சியைத் தாழ்வாக நினைக்கவில்லை. 'எல்ல லங்க வலவ்வ', 'கடுல்ல' போன்ற நாடகங்களை இயக்கினார். கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் நாம் சிங்கள நாடகங்களைப் பார்த்தே வளர்ந்தோம். அவர்களுடைய கல்யாணம், சாவு, காணிச் சண்டை, வலவ்வப் பெருமை எல்லாம் நமக்கு அத்துப்படி.

அவர்களுக்கு நம் வீடு தெரியுமா? அந்த நாடகங்களில் நான் பார்த்த முஸ்லிம்களில் பெரும்பாலோர், தொப்பி போட்டுக்கொண்டு கொச்சைச் சிங்களம் பேசும் ஒரு வியாபாரி நானாதான். வருவார், சிரிக்க வைப்பார், போவார். அவருக்கு ஒரு வீடோ, உம்மாவோ, கவலையோ இருந்ததாகக் காட்டமாட்டார்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, பல்லேகல எல்லாம் எரிந்து, நாட்டில் அவசரகாலச் சட்டம் வந்த அந்த நாட்களில், விளக்கை அணைத்துவிட்டு உள்ளறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த நானாவின் நினைவு வந்தது. நாடகம் நன்றாக இருந்திருந்தால் தீ வைத்திருக்க மாட்டார்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் அறியாதவள் இல்லை. ஆனால் வேலிக்கு அப்பால் இருந்த அந்த அம்மாவின் மகன், எங்கள் வாசலில் விடிய விடிய நின்றான். வட்டிலப்பம் தின்று வளர்ந்தவன் அவன். எங்கள் வீடு அவனுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு யார் காட்டுவது? நம் வீட்டுக் கதையை நாம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்?

பாகிஸ்தானில் ஹசீனா மொயீன் என்ற பெண் எழுத்தாளர் எண்பதுகளிலேயே 'தன்ஹாயியான்', 'தூப் கினாரே' போன்ற நாடகங்களால் நாட்டையே வீட்டுக்குள் உட்கார வைத்தார். 2021 இல் காலமானார். 2016 இல் அங்கே ஒளிபரப்பான 'உடாரி', சிறு பிள்ளைகள் மீதான பாலியல் கொடுமையைத் துணிந்து பேசியது. எழுதியவர் ஃபர்ஹத் இஷ்தியாக், அவரும் பெண்தான். கட்டுப்பாட்டு அதிகாரிகள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார்கள். ஆனாலும் நாடகம் தொடர்ந்தது. நாம் வாய்விட்டுப் பேசக் கூசும் ஒன்றை, குடும்பமாக இருந்து பேச அது வழி செய்தது.

இப்போது பெட்டியும் தேவையில்லை. துருக்கி நாடகமும், கொரிய நாடகமும், பாகிஸ்தான் நாடகமும் போனில் வருகின்றன. தடுத்து வைக்க முடியாது, தேர்ந்தெடுக்கத்தான் பழக்க வேண்டும். நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு நாடகத்தை எடுக்கும்போது எழுதியவர் யார், இயக்கியவர் யார் என்று பாருங்கள். புத்தகத்தின் அட்டையில் பெயரைப் பார்க்கிறோமல்லவா, அதுபோல. தொழுகை நேரத்தை விழுங்கும் நாடகத்தை விட்டுவிடுங்கள். பத்து நாடகத்தை ஓடவிட்டுச் சமைப்பதைவிட, ஒன்றை உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் பிள்ளைகளோடு பேசுங்கள்: "அவள் ஏன் அப்படிச் செய்தாள்? நீயாக இருந்தால்?" கடைசியாக, பெட்டியை அணைத்த பிறகு உங்கள் வீட்டில் உள்ள யாராவது ஒருவருடைய முகம் உங்களுக்கு முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது நல்ல நாடகம். மாமியாரின் முகமாக இருக்கலாம், மருமகளின் முகமாக இருக்கலாம், வாசலில் மீன் கொண்டுவருபவரின் முகமாகவும் இருக்கலாம்.

2021 இல் இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதை 14 இலிருந்து 16 ஆக உயர்த்தினார்கள். அந்தச் செய்தியைக் கேட்டபோது உம்மா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "நமக்குச் சட்டம் வருமுன்னே ஓஷின் வந்தாளே" என்றிருப்பார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பது வயதை எட்டியிருக்கும். எங்கேயோ ஒரு வீட்டில் உம்மாவாக, பாட்டியாக இருப்பாள். இரவில் அவளும் ஏதாவது ஒரு நாடகம் பார்ப்பாள். இந்தப் பக்கம் அவள் கைக்குக் கிடைக்குமென்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். உன் பொதியை நாங்கள் அவிழ்த்திருக்கக் கூடாது, பிள்ளை. எங்களை மன்னித்துவிடு.